பிழைத்தபின் என்ன?

“ரண சிகிச்சை திவ்வியமாக நடந்தேறியது; நோயாளிதான் பிழைக்கவில்லை” என்று டாக்டர்களைப் பரிகசித்து நம் ஜனங்கள் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் மூளைக் கட்டி விஷயத்தில் இது பரிகாசமே அன்று, நடந்த செய்தி. இப்பொழுதோ ரண சிகிச்சையும் நடந்தேறுகிறது, நோயாளியும் பிழைக்கிறார். பிழைத்து வீடு வந்து சேர்ந்தவர் பழைய மனிதராக இருக்கிறாரா என்பதைத்தான் கேட்பாருமில்லை, எழுதி வைப்பாருமில்லை. இந்தக் குறையைப் பற்றியே இன்று நம் நேயர்களுடன் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். இது வைத்திய விஷயம், ராஜீய விவகாரங்களில் ஈடுபட்டவர்களுக்கு இதில் என்ன வேலை என்று யாரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பொதுப் பணம் எதுவரை செல்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

மூளைக் கட்டியை அறுத்தெடுக்கும் முயற்சி பிறந்தபோதே அதன் பின்விளைவும் இரட்டைப் பிள்ளைபோல் கூடவே பிறந்துவிட்டது. லண்டன் நகரத்து ரீஜண்ட்ஸ் பார்க்கில் வலிப்பு நோய்க்கும் பக்கவாதத்துக்குமென்று ஏற்பட்ட ஆஸ்பத்திரியில், 1884-ம் வருஷம் நவம்பர் மாதம் 25-ந் தேதியன்று, 25 வயதுள்ள ஒரு குடியானவனுடைய மண்டையோட்டைத் திறந்தார்கள். அவனுடைய இடது கை நாளுக்கு நாள் சுவாதீனம் இழந்துவந்தது. தலைவலி பொறுக்க முடியாததாக இருந்தது. எக்ஸ்-ரே என்ற சாதனம் உலகத்துக்கு வந்ததே 1895-ல்தான். ஆகவே மண்டைக்குள் எட்டிப் பார்க்க அப்போது மார்க்கமே கிடையாது. டாக்டர் ஹியூஸ் பென்னட் என்பவர் கையின் இசிவையும் பலவீனத்தையும் கொண்டே, கட்டி வலப் பக்கத்து மூளையில் இன்ன இடத்தில் இருக்கவேண்டுமென்று கணித்துச் சொன்னார். ரிக்மன் காட்லீ என்ற சர்ஜன் அந்த இடத்தில் திறந்தார். சொன்ன இடத்திலேயே கட்டி இருந்தது. அக்ரோட்டுக் கொட்டை அளவுள்ள அக்கட்டியை அவர் வெளியே எடுத்தார். வைத்திய உலகம் பிரமித்தது. ஆனால் ஒரு மாதம் நிறைவதற்குள் நோயாளி இறந்துபோனான். அவனைக் கொன்றது கட்டி அன்று. காயத்தின் வழியாக நுழைந்த கிருமிகள் மூளையின் உறையைப் பற்றியதால் உண்டான ஜுரமே அவனைக் கொன்றது. கிருமிகளைக் கார்பாலிக் திராவகத்தால் ஒழிக்கும் முறையை உலகத்துக்குக் கற்பித்த லிஸ்டர் பிரபுவின் சகோதரி புதல்வரே இந்தக் காட்லீ என்பதையும், மாமாவின் முறைகளை அவர் அன்று அனுசரித்தே வேலை செய்தார் என்பதையும் எண்ணும்போது, விதியின் கொடுமை இன்னும் உறைக்கிறது.

அதற்குப் பிறகு ஐம்பது வருஷ காலம் சர்ஜன்களின் கவனம் முழுவதும், நோயாளி மேஜையின்மேல் சாகாமல் இருப்பது எப்படி என்பதிலேயே சென்றது. அது நியாயமே. அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்ற மேதாவி ரத்தக் குழாய்களைக் கவ்வி நிறுத்தச் சிறு வெள்ளிக் கவ்விகளை 1911-ல் உண்டாக்கினார். 1926-ல் மின்சாரத்தின் உதவியால் ரத்தக் கசிவைச் சுட்டு அடைக்கும் முறையைக் கைக்கொண்டார். 1931-ல் அவர் கணக்கில் 2,000 மூளைக் கட்டிகள் நிறைவடைந்தன. அவர் தொழில் தொடங்கிய காலத்தில் இவ்வகை நோயாளிகளில் மிகப் பலர் மாண்டார்கள். அவருடைய கடைசிக் காலத்தில் ரண சிகிச்சையால் இறந்தவர்கள் 100-க்கு 10 பேருக்கும் குறைவு. இந்தப் பகீரதப் பிரயத்தனத்தை யாரும் குறைவாக மதிக்கமுடியாது. ஆனால் இதன் விளைவாகத் தொழிலில் ஒரு வழக்கமும் ஊன்றிவிட்டது. செத்தவர் இத்தனை, பிழைத்தவர் இத்தனை என்று இரண்டே கலங்களில் கணக்கு எழுதும் வழக்கம் அது. பிழைத்தவர் என்ற கலத்துக்குள் எத்தனை விதமான வாழ்வுகள் அடைந்து கிடக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்க்க வெகுகாலம் பிடித்தது. இன்னும் முழுவதும் பார்த்தபாடில்லை.

மற்ற அவயவங்களை அறுப்பதற்கும் மூளையை அறுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். வயிற்றில் அறுத்த இடம் வீங்கினால் வயிறு இடங்கொடுக்கும். மண்டையோடு இடங்கொடாது. அது மூடியிட்ட கலயம். உள்ளே சிறிது ரத்தம் கசிந்து தேங்கினாலும், அறுத்த இடம் நீர் கோத்து வீங்கினாலும், அதற்குரிய இடத்தை மூளையே கொடுத்தாகவேண்டும், மூளை நசுங்கும். ஆகையினால்தான் ரண சிகிச்சை நடந்த முதல் இரவில் நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து, உறங்குகிறவரை எழுப்பிப் பெயர் கேட்டு, கண்மணியில் விளக்கைக் காட்டிப் பார்க்கிறாள். உறவினர்கள், தூங்குகிறவரை ஏன் படுத்துகிறீர்கள் என்று அவளிடம் கோபித்துக்கொள்வதுண்டு. எழுப்பியும் எழாதவர் உறங்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே அவள் வருகிறாள். அப்படிக் கண்டால் சில நிமிஷங்களில் திரும்பவும் மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுக்கவேண்டியிருக்கும். வீக்கத்தைப் பொறுத்தமட்டில், 1961-ல் அமெரிக்காவில் மின்னிஸோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர்கள் டெக்ஸாமெதஸோன் என்ற மருந்தின் குணத்தை வெளியிட்டதிலிருந்து நிலைமை பெரிதும் மாறிவிட்டது. இன்று நம் ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கும் மலிவான மருந்து அது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். அந்த மருந்தே வேறொரு அபாயத்துக்கும் இடமாகிறது. அதைப் பின்னால் சொல்வோம்.

இந்த விஷயத்தில் நம் மனத்தை மிகவும் உருக்கிய வரலாறு கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் நடந்தது. டாக்டர் வைல்டர் பென்பீல்டு என்ற சர்ஜன் 1928-ம் வருஷத்தில் அந்நகரத்து ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில் வந்து அமர்ந்தார். அதே வருஷம் டிசம்பர் மாதத்தில் அவருடைய தமக்கையே அவரிடம் நோயாளியாக வந்தார். பல குழந்தைகளுக்குத் தாய். வருஷக்கணக்காகத் தலைவலி, அத்துடன் வலிப்பும் கண்டிருந்தது. பரிசோதித்தபோது மூளையின் வலப்புற முன்பாகத்தில் பெரிய கட்டி இருப்பது தெரிந்தது. சொந்த இரத்தத்தின்மீது கத்தி வைக்கலாமா என்ற கேள்வி நம் குடும்பங்களில் எழுவதுபோலவே அங்கும் எழுந்திருக்கும். வேறு தகுந்த கை அருகில் இல்லாமையால் தம்பியே அறுத்தார். கட்டி ஆழமாக வேரோடியிருந்தது. அதை எடுக்கும் பொருட்டு வலப்பக்கத்து முன்மூளையை ஏறக்குறைய முழுவதுமே அவர் எடுக்கவேண்டியதாயிற்று. கை கால்களை இயக்கும் பாகத்துக்கு அருகில் வந்து நின்றார். எட்டாத இடத்தில் சிறிது மிஞ்சிவிட்டது.

அம்மாள் பிழைத்தார், வீடு திரும்பினார். கை கால் வழங்கின. பேச்சுத் தெளிவாக இருந்தது. ஞாபகசக்தி, நகைச்சுவை, பிறரிடம் காட்டும் மரியாதை, குழந்தைகளிடத்து அன்பு ஒன்றும் கெடவில்லை. எந்தப் பரீட்சையை வைத்தாலும் அவர் தேறியிருப்பார். குஷிங்கின் கணக்குப் புத்தகமாயிருந்தால் பிழைத்தவர் கலத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும், அத்துடன் சரி.

சுமார் 15 மாதங்களுக்குப் பின் ஒரு நாள் மாலை ஒரு விருந்தாளிக்கும் தம் குடும்பத்தில் நால்வருக்கும் சாப்பாடு தயாரிக்க அவர் எண்ணினார். பெரிய விருந்து ஒன்றுமில்லை. முன்பெல்லாம் நொடியில் செய்து முடித்த வேலை. பகல் முழுவதும் அவகாசம் இருந்தது. உற்சாகமாகத்தான் தொடங்கினார். குறித்த வேளை வந்தபோது பார்த்தால், வேண்டிய பண்டங்களெல்லாம் சமையலறையில் இருந்தன. ஒன்றிரண்டு அடுப்பின்மேலும் இருந்தன. ஆனால் இறைச்சியைச் சமைக்கத் தொடங்கவேயில்லை. பச்சைக் காய்கறிகள் அரைகுறையாக நின்றன. நாள் முழுவதும் தனியே போராடிய அந்த அம்மாள் நடுவே செய்வதறியாமல் கலங்கிப் போய் நின்றார். எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது, ஒன்று வேகும் நேரத்தில் இன்னொன்றை எப்படி முடிப்பது என்று முடிவு செய்யும் சக்தி, எடுக்கப்பட்ட அந்த மூளைப் பாகத்தோடு போய்விட்டது.

சமையலை அற்ப வேலையென்று நினைக்கும் புருஷர்கள் நம்மில் அநேகர். ஐந்து பேருக்கு ஒரே சமயத்தில் இலையில் எல்லாம் சூடாக வந்து விழும்படி செய்வதற்கும், ஒரு மகாநாட்டை நடத்துவதற்கும் வேண்டிய மூளை வேலை ஒன்றுதான். பந்தலுக்கு முன்னால் ஊர்வலம் வந்துவிட்டால் காரியதரிசி என்ன பாடுபடுவார் என்பது நம் நேயர்களுக்குத் தெரியும். அந்த அம்மாளின் கஷ்டம் அதுவே. ஆனால் தினந்தோறும், வாழ்நாள் முழுவதும்.

கட்டி மீண்டும் வளர்ந்தது. குஷிங்கே மறுபடி அறுத்தும் நெடுநாள் தாங்கவில்லை. தமக்கையை இழந்த பென்பீல்டு, 1935-ல் தம் சகா ஒருவருடன் சேர்ந்து ‘பிரெயின்’ என்ற வைத்தியப் பத்திரிகையில் முன்மூளையைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தச் சமையலறை விஷயத்தை விவரமாகப் பதிவு செய்தார். நோயாளி தம் தமக்கை என்று அதில் சொல்லிக்கொள்ளவில்லை. முன்மூளையின் வேலை இன்னதென்று அறிவதற்கு அந்தக் கட்டுரை இன்றைக்கும் ஒரு முக்கியமான ஆதாரம். நம் மனத்தில் பதிந்தது வேறொன்று. இந்த உண்மை எப்படி வெளிவந்தது? சர்ஜன் அந்த நோயாளியின் தம்பியாக இருந்தமையால் வெளிவந்தது. மற்ற நோயாளிகளின் வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கிறதென்று எந்தச் சர்ஜன் கண்டார்? ஆஸ்பத்திரிப் படுக்கையில் சமையல் செய்யும்படி யாரும் கேட்பதில்லை. தேதியைச் சொல், நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழி, கையை உயர்த்து என்று கேட்பார்கள். அதெல்லாம் சரியாயிருந்தால் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள்.

நம் ஊர்களில் இப்படித் திரும்பி வருகிறவர்களுக்கு என்ன பட்டம் கிடைக்கிறது? ஆணாயிருந்தால் சோம்பேறி; பெண்ணாயிருந்தால் மெத்தனக்காரி. “முன்னே எவ்வளவு சுறுசுறுப்பு! இப்போது தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்” என்பார்கள். கடையில் கணக்கு எழுதியவர் வேலையை இழப்பார். சிலருக்கு அதற்கு மாறாக, அடக்கம் நீங்கி, கோபமும் வாய்த்துடுக்கும் மிஞ்சும். மனைவி மக்கள் தாங்கமாட்டாமல் விலகுவார்கள். ஏவல், பில்லிசூனியம் என்று பரிகாரத்துக்குப் பணம் செலவழிப்பவர்களும் உண்டு. இவை குணக்கேடு அல்ல, அறுத்த இடத்தின் காயம் என்று ஒரே ஒரு வாக்கியத்தை ஆஸ்பத்திரியிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் பாதி பிழைத்திருக்கும்.

குழந்தைகள் விஷயம் இதைவிடத் துயரமானது. பிடரிப் பக்கத்தில் சிறுமூளை என்ற பாகத்தில் சில குழந்தைகளுக்குக் கட்டி உண்டாகிறது. அதை எடுத்தபின் குழந்தை கண் விழித்து அம்மா என்று கூப்பிடுகிறது. பெற்றவர்கள் தெய்வத்துக்கு வந்தனம் செலுத்துகிறார்கள். ஓரிரண்டு நாளில் குழந்தை திடீரென்று வாயடைத்து ஊமையாகிவிடுகிறது, அழும்போதுகூட வார்த்தை வருவதில்லை, கழுத்து நிற்பதில்லை. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற வகைக் கட்டிக்கு அறுக்கப்பட்ட 450 குழந்தைகளை அமெரிக்காவில் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இது நேர்ந்ததாகக் கண்டார்கள். வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சுத் திரும்புகிறது. ஆனால் பலருக்குப் பேச்சு இழுவையாகவும், நடை தள்ளாட்டமாகவும், படிப்பில் மந்தமாகவும் நின்றுவிடுகிறது. இது நேரக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட தாயும், சொல்லப்படாத தாயும் அந்த மூன்றாம் நாளை எப்படிக் கழிப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி, உடனே உயிருக்கு உலைவைக்கும் விளைவுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நேர்வதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வீடு வந்து சேர்ந்த முதல் வாரம், இரண்டாம் வாரம், இவைதாம் நம் நாட்டில் அநாதையான நாட்கள்.

மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்புறமாக, பயறு அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி ஒன்று தொங்குகிறது. அதில் வளரும் கட்டியை இப்பொழுது மூக்கின் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். தலையில் தழும்பே இல்லை. நாலைந்து நாளில் நோயாளி வீட்டுக்கு வந்துவிடுகிறார். உடம்பில் தண்ணீரை நிறுத்தி வைப்பதும் வெளியே விடுவதும் அந்தச் சுரப்பியின் பொறுப்பு. அதைத் தொட்டதன் பயனாகச் சிலருக்கு முதல் நாட்களில் குடம் குடமாகச் சிறுநீர் போகிறது. இதை ஆஸ்பத்திரியிலேயே கண்டுகொள்வார்கள். ஒரு வாரம் ஆகும் சமயத்தில் சிலருக்கு இதற்கு நேர் விரோதமானது நடக்கிறது. உடம்பு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் உப்புக் குறைகிறது. தலைவலி, குமட்டல், மயக்கம், கடைசியில் வலிப்பு. வீட்டிலிருப்பவர்கள் சூட்டினால் வந்த தலைவலி என்று எண்ணி, இன்னும் தண்ணீர் குடி, இன்னும் குடி என்று அன்போடு ஊட்டுகிறார்கள். ஒரு சாதாரண இரத்தப் பரீட்சை உண்மையைக் காட்டிவிடும். ஆனால் பரீட்சை செய்யவேண்டும் என்று தெரியவேண்டுமே! அதே நோயாளி குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், அதை ஜலதோஷம் என்று விட்டுவிடுகிறோம். அது மூளையைச் சூழ்ந்த நீராக இருக்கக்கூடும். நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். லண்டன் குடியானவனைக் கொண்டுபோனது அந்த வகை ஜுரம்தான்.

மேலே சொன்ன டெக்ஸாமெதஸோன் மருந்தின் அபாயம் என்னவென்றால், அதை வாரக்கணக்கில் உட்கொண்டவர் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதே. வெளியிலிருந்து வரும் மருந்தை நம்பி, உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிட்டிருக்கும். மாத்திரை தீர்ந்தது, உடம்பும் தேறிவிட்டது, மறுபடி வாங்குவானேன் என்று ஏழைக் குடும்பம் நிறுத்தினால், இரத்த அழுத்தம் விழுந்து ஆள் சுருண்டுவிடுவார். வலிப்பு மாத்திரையும் அவ்விதமே. படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதித்தான் இருக்கும். இங்கிலீஷில், கோழி கிளறியதுபோன்ற எழுத்தில்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். படுத்தபடி கிடந்தவரின் கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கினால், அங்கே உறைந்த இரத்தம் நுரையீரலுக்கு ஏறிச் சில நிமிஷங்களில் கொல்லக்கூடும். அதை எண்ணெய் விட்டு உருவுவது மகா பாதகம். செவிநரம்புக் கட்டியை எடுத்தபின் முகத்தின் ஒரு பக்கம் சரிந்து கண்ணிமை மூடாமல் போனால், முகம் கோணிவிட்டதே என்று எல்லோரும் அழுவார்கள். மூடாத கண் உலர்ந்து புண்ணாகிப் பார்வை போவதை யாரும் நினைப்பதில்லை. சில துளி மருந்தும், இரவில் இமையை ஒட்டி வைக்கும் ஒரு துண்டுப் பட்டையும் அந்தக் கண்ணைக் காப்பாற்றும். விழுங்கும் நரம்பு பலவீனப்பட்டவருக்குத் தண்ணீராகக் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்ச் சேரும்.

இதையெல்லாம் படித்து, மூளைக் கட்டிக்கு ரண சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். மூளையின் உறையில் வளரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. முழுவதும் எடுத்துவிட்டால் அநேகர் பூரண சுகமடைந்து பல்லாண்டு வாழ்கிறார்கள். ஹங்கேரி தேசத்து எழுத்தாளர் பிரிகெஷ் கரிந்தி என்பவருக்கு 1936-ல் ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரில், அவர் விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். அவர் திரும்பி வந்து அந்த அனுபவத்தை ஒரு புஸ்தகமாகவே எழுதினார். பேச்சுக்குரிய பாகத்தைச் சேதப்படுத்தாமல் இருக்க, நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே அறுக்கும் முறையை இன்று நம் நாட்டிலும் கையாளுகிறார்கள். சில டாக்டர்கள், பின்விளைவுகளை முன்னதாகச் சொன்னால் ஜனங்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்கிறார்கள். அந்தக் கவலை பொய்யன்று. ஆனால் சொல்லாமல் விட்டதனால், ஓரிடத்தில் ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்த்து ஊரே பயப்படுவது அதைவிட அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

பென்பீல்டு தமக்கையின் மரணத்துக்குப் பின் மாண்ட்ரீலில் 1934-ல் ராக்பெல்லர் தர்மநிதியின் உதவிகொண்டு நரம்பு வைத்தியக் கழகம் ஒன்றைத் திறந்தார். அந்தக் கழகத்தில் பயின்று தாய்நாடு திரும்பிய டாக்டர் ஜேகப் சாண்டி என்பவரே 1949-ல் நம் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை ரண சிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார். மறு வருஷம் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். ஆக இந்தக் கலை இந்தியாவில் முதலில் வேர்விட்டது தமிழ் நிலத்திலேதான்.

அதே வேலூரில் இன்னொரு காரியமும் நடந்தது. டாக்டர் மேரி வர்கீஸ் என்ற யுவதி 1954-ல் மோட்டார் விபத்து ஒன்றில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அவர் சோர்ந்துவிடாமல், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். பின்பு அயல்நாடு சென்று, ஊனமடைந்தவர்களை மறுபடி வாழ்க்கைக்குப் பழக்கும் சாஸ்திரத்தைக் கற்றுவந்தார். அவர் தலைமையில் 1966-ல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அறுப்பதற்கு ஒரு கட்டடம், அறுத்தபின் நடக்கவும் பேசவும் பழக்குவதற்கு ஒரு கட்டடம் என்று இரண்டும் ஒரே ஸ்தாபனத்தில் அமைந்தன. இத்தனை வருஷங்களில் முதல் வகைக் கட்டடம் நாடெங்கும் பெருகியிருக்கிறது. இரண்டாவது வகையை விரல்விட்டு எண்ணவேண்டியிருக்கிறது.

ஏன் பெருகவில்லை என்பதற்குப் பணம் போகும் வழியைப் பார்த்தால் விடை கிடைக்கும். மத்திய சர்க்கார் 2018-ல் ஆரம்பித்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கிறது. மண்டையைத் திறக்கும் செலவு அதில் அடங்கும். அந்தத் திட்டத்தால் உயிர் பெற்றவர்கள் பலர். அதைக் குறைகூற நாம் வரவில்லை. வீடு திரும்பியபின் 15 நாட்கள் வரையிலுள்ள செலவும் அதில் சேர்கிறது. 16-ம் நாள் முதல் செலவு குடும்பத்தினுடையது. பேச்சுப் பயிற்சிக்கும், நடைப் பயிற்சிக்கும், சுரப்பி மருந்துக்கும், ஆஸ்பத்திரியில் தங்காமல் வந்துபோகும் நோயாளிக்கு அதில் இடம் கிடையாது. வாயடைத்துப்போன குழந்தைக்குப் பேச்சுத் திரும்பும் காலமோ மாதக்கணக்கு. லட்சக்கணக்கில் கொடுத்து உயிரை வாங்கிய சர்க்கார், சில ஆயிரங்களுக்குக் கையை இழுத்துக்கொள்வது சிக்கனமா? அவர் வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் அவருக்குக் காவல் இருக்கவேண்டும்; இரண்டு பேருடைய உழைப்பு நாட்டுக்கு நஷ்டம்.

சட்டத்தின் நிலைமையும் இதுவே. ஊனமுற்றோர் உரிமைக்காக 2016-ல் செய்த சட்டத்தில் 21 வகை ஊனங்கள் பெயர் சொல்லி எண்ணப்பட்டிருக்கின்றன. கை கால் விழுந்தவருக்கும் பார்வை இழந்தவருக்கும் அதில் இடமுண்டு. மூளைக் காயத்தால் நேர்ந்த குறை என்று ஒரு வகை தனியாக இல்லை. பென்பீல்டின் தமக்கை நம் ஜில்லாத் தலைநகரில் மெடிகல் போர்டின் முன் வந்து நின்றால், கை எழும், கால் நடக்கும், வாய் பேசும். எந்தத் தலைப்பில் அவருக்குச் சர்ட்டிபிகேட் எழுதுவார்கள்?

சட்டசபைக்குச் செல்லும் நம் பிரதிநிதிகளுக்கும், அவர்களை அனுப்பிய நேயர்களுக்கும் நாம் சொல்வது இதுதான். 15 நாள் என்ற எல்லையை மூளை ரண சிகிச்சை விஷயத்திலாவது ஆறு மாதமாக்கும்படி கேளுங்கள். அந்த ஆறாம் மாதத்தில், நோயாளி வேலைக்குப் போகிறாரா, பள்ளிக்கூடம் போகிறதா குழந்தை, வீட்டில் சமைக்கிறாளா அந்த அம்மாள் என்று விசாரித்து ரிஜிஸ்தரில் மூன்றாவது ஒரு கலத்தில் எழுதும்படி, சர்க்கார் பணம் பெறும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் நிர்ப்பந்தியுங்கள். இதற்குப் புதிய யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. டெலிபோன் ஒன்று போதும்.

இதற்கிடையில், நேயர்களுடைய ஊருக்கு இப்படித் தலையில் தையலுடன் யாரேனும் திரும்பி வந்தால், அவர் கையிலுள்ள சீட்டை வாங்கித் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். எந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஜுரம், மூக்கில் நீர், ஒரு கால் வீக்கம், நாள் முழுவதும் எழாத தூக்கம், இவற்றில் எது கண்டாலும் மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திராமல் அன்றிரவே 108 வண்டியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.